பீஜிக்கு டிவி வந்தபோது

பத்தாவது படிக்கும் மகள் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள், எப்போது பார்த்தாலும் ரீல்ஸ்தான், போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அது மட்டும் போதாது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல பசிபிக் கடலில் இருக்கும் பீஜி வரை போய் வரவேண்டும்.

மரபணு, மூளையின் வேதிப்பொருட்கள், பருவ வயது ஹார்மோன் எல்லாவற்றுக்கும் இப்படிச் சாப்பாட்டை ஒதுக்கும் கோளாறில் பங்கு உண்டு. பெருத்துவிடுவோமோ என்று பயந்து உடம்பு கெடும் அளவுக்குப் பட்டினி கிடக்கும் அனோரெக்ஸியா என்ற நோயில் ஏறக்குறைய பாதி பரம்பரையின் கணக்கு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதியில்தான் ஊரும் உறவும் வருகின்றன.

1995 வரை பீஜியின் நந்த்ரோங்கா பகுதியில் டிவி கிடையாது. அங்கே பூர்வகுடிப் பெண் வாட்டசாட்டமாக இருந்தால் வீட்டில் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். இளைத்தால் ஊரே கவலைப்படும். பசி எடுக்காவிட்டால் அதற்கென்று தனி நோய்ப்பெயர், மூலிகை வைத்தியம் எல்லாம் தயார். (“என்னடி இப்படித் துரும்பா இளைச்சுட்டே” என்று கேட்கும் நம் அத்தைமார்களுக்கு அந்த ஊர் ஒத்துப்போயிருக்கும்.) டிவி வந்த சில வாரங்களில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டுப் பழக்கம் பற்றிய கேள்வித்தாள் கொடுத்தார், 1998இல் மறுபடியும் கொடுத்தார். கவலைப்படும்படி மதிப்பெண் வந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். தடவைக்கு அறுபத்துச் சொச்சம் பேர், அதுவும் வெவ்வேறு பெண்கள், ஆகவே முழுப் பழியையும் டிவி மேல் போட முடியாது. ஆனால் பேட்டியில் சில பெண்கள் சொன்னது, டிவியில் வருகிறவர்கள் மாதிரி ஒல்லியாக இருந்தால் வேலை கிடைக்கும் என்பது. அழகு மட்டும் இல்லை, பிழைப்பும் அதில் இருந்தது!

எனக்கு இதைவிடப் பிடித்தது 2011இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு. 523 மாணவிகள், நீ எவ்வளவு பார்க்கிறாய் என்பதோடு உன் தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்றும் கணக்கெடுத்தார்கள். அதிகம் பார்த்தவளுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று நினைப்போம் இல்லையா? அவள் பார்த்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் தோழிகள் பார்த்ததன் பாதிப்பு அப்படியே நின்றது. அதாவது வீட்டில் டிவியே இல்லாத பெண்ணும் தப்பவில்லை. மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதியிருக்கிறார். திரையில் வரும் நடிகை எங்கோ இருக்கிறாள், அவளோடு என்ன போட்டி? பக்கத்து பெஞ்சுக்காரி டிபன் பாக்ஸை மூடிவைத்து “எனக்குச் சோறு வேண்டாம்டி, தொடை பெருத்துடுச்சு” என்றால்தான் கேட்கிறவள் குனிந்து தன் தொடையைப் பார்க்கிறாள், அப்புறம் இருவரும் சேர்ந்தே சோற்றைக் குறைக்கிறார்கள், யாராவது இளைத்தால் “சூப்பரா இருக்கே” என்று பாராட்டும் கிடைக்கிறது. திரையில் பிறந்த ஆசை தோழியின் வாயில் சட்டமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, கேள்வித்தாளும் பொறுமையும்தான். ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் ஒரு துளியை நம் பள்ளிக்கூடங்களில் இப்படிக் கேட்டுப் பார்க்கக் கொடுத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சாப்பாடு குறைந்த பிறகு பசியே நோயை வளர்க்கத் தொடங்கும். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், பட்டினி என்ன செய்யும் என்று பார்க்க, 36 ஆரோக்கியமான இளைஞர்களை அரைப்பட்டினி போட்டார். டிவி பார்த்து இளைக்க ஆசைப்பட்டவர்கள் இல்லை அவர்கள், போருக்குப் போக மறுத்த ஆண்கள். அவர்களே எந்நேரமும் சோற்று நினைப்பாகி, சமையல் புத்தகங்களைப் புரட்டி, தட்டை நக்கி, ஆட்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள். பட்டினி கிடக்கும் மூளையிடம் போய் நியாயம் பேசினால் ஏறாது.

அதனால்தான் பருவ வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தரும் சிகிச்சைகளில் ஒன்று குடும்பத்தை வைத்தே நடக்கிறது: யார் தப்பு என்ற விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு, என்ன, எவ்வளவு என்ற முடிவைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டு, வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது, பிள்ளை தேறத் தேறப் பொறுப்பை அவளிடமே திருப்பிக் கொடுப்பது. இதை ஒரு மனநல மருத்துவரின் துணையோடுதான் செய்யவேண்டும், உடம்பையும் பரிசோதிக்கவேண்டும். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவதானால் போடுங்கள், ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.