வாட்ச்சை மாற்றலாமா, டாக்டர்?

போன வாரம் வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். முந்தின இரவு பதினோரு மணிக்கு நெஞ்சில் பாரம், தாடை வரை இழுத்துப் பிடித்த வலி, வியர்வை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று மனைவி கெஞ்சியிருக்கிறார். இவரோ புதிதாக வாங்கிய வாட்ச்சில் விரலை வைத்து ஈசிஜி எடுத்தார். ‘சைனஸ் ரிதம்’ என்று வந்தது. மேலும் மூன்று முறை எடுத்தும் அதே பதில். நம்பிப் படுத்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வராது. “பழைய ஃபிட்னஸ் பேண்ட்ல ஈசிஜி இல்லைன்னுதான் டாக்டர் இதை வாங்கினேன்” என்றார்.

இப்படி ஒருவரைப் பார்ப்பது எனக்கு முதல் முறை இல்லை. பழைய பேண்டையோ வாட்ச்சையோ விட்டுப் புது மாடலுக்கு மாறலாமா என்று கேட்பவர்களும் பலர். அதனால்தான் எழுதுகிறேன்.

வாட்ச் எடுக்கும் ஈசிஜி ஒரே ஒரு லீட், அதாவது இதயத்தை ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்ப்பது. ஒரு கை மணிக்கட்டுக்கும் இன்னொரு கை விரலுக்கும் நடுவே ஓடும் மின்சாரத்தை மட்டும் அது பார்க்கிறது. நாங்கள் எடுப்பது பன்னிரண்டு லீட். கை கால்களிலும் நெஞ்சிலும் பத்து இடத்தில் ஒட்டி, இதயத்தைப் பல கோணங்களிலிருந்து பார்க்கிறோம். வாசல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கொல்லைப்புறத்தில் தீ இல்லை என்று சொல்ல முடியுமா? அதைத்தான் அந்த வாட்ச்சிடம் கேட்கிறீர்கள்.

‘சைனஸ் ரிதம்’ என்றால் துடிப்பு சரியான இடத்தில் தொடங்கி ஒழுங்காக வருகிறது என்று மட்டுமே பொருள். ரத்தக் குழாய் அடைபட்ட இதயமும் ஒழுங்காகத் துடிக்கும். மாரடைப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சைனஸ் ரிதம்தான் இருக்கும். எங்கள் பன்னிரண்டு லீட் ஈசிஜியே முதல் தடவை சரியாக இருப்பதுபோல் காட்டுவதுண்டு. அதனால்தான் சற்று நேரம் கழித்துத் திரும்ப எடுக்கிறோம், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். ஆப்பிள் வாட்ச்சின் ஈசிஜி ஆப்பிலேயே, இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று எழுதியிருக்கிறது. தயவுசெய்து அந்த வரியைப் படியுங்கள். நெஞ்சு வலி வந்தால் மணிக்கட்டைப் பார்க்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அந்த ஈசிஜியால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிப்பதற்கு அது நல்ல கருவி. அவ்வப்போது படபடப்பு வந்து, கிளினிக்குக்கு வருவதற்குள் அடங்கிவிடுகிறவர்களிடம் நானே வாங்கச் சொல்லியிருக்கிறேன். படபடக்கும்போது எடுத்த முப்பது வினாடிப் பதிவு கையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்ட ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியில் ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது சுமார் 0.5 சதவீதம் பேருக்குத்தான். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் அரிது. எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பது வயதுக்காரர் இதற்காகவே நன்றாக ஓடும் பேண்டை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது, புது மாடல் என்றால் எல்லா எண்ணும் துல்லியமாக இருக்கும் என்ற நம்பிக்கை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 60 பேரிடம் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்குள் பிழையோடு காட்டின. கலோரிக் கணக்கிலோ, இருந்ததிலேயே நல்ல கருவிக்குக்கூட 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93. அதற்குப் பிறகு சென்சார்கள் முன்னேறியிருக்கின்றன, சரி. ஆனால் உங்கள் உடல் எரிக்கும் கலோரியை மணிக்கட்டிலிருந்து அளக்க வழியில்லை. வயது, எடை, பல்ஸ், அசைவு இவற்றை வைத்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். “வாட்ச் ஐந்நூறு கலோரி காட்டியது” என்று அந்த ஐந்நூறையும் சாப்பிட்டுவிட்டு, எடை ஏன் குறையவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கருவி வாங்கினால் எடை குறைந்துவிடும் என்பதும் சரியில்லை. 2016-ல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் செய்தவர்களில் கருவி கட்டாதவர்கள் இரண்டு வருட முடிவில் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கட்டியவர்கள் 3.5 கிலோ. ஸ்டெப்ஸ் எண்ணுவதற்கோ எந்தப் பழைய பேண்டும் போதும். பத்தாயிரம் என்ற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்ற, ஸ்டெப்ஸ் எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்தது.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்டிப்பாக ஒரு விஷயம். ஊசி குத்தாமல், தோலுக்குள் சென்சார் எதுவும் இல்லாமல், ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச்சை வாங்காதீர்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. தோலில் பொருத்திய சென்சார் சொல்வதை வாங்கிக் காட்டும் வாட்ச் வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

அப்புறம் எப்போதுதான் மாற்றுவது? சார்ஜ் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றால் மாற்றுங்கள். ஆப்புக்கு அப்டேட் நின்றுவிட்டது என்றால் மாற்றுங்கள். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். தோலில் அரிப்பும் சிவப்பும் மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் கழுவித் துடைத்துக் கட்டிப் பாருங்கள், ஸ்ட்ராப்பை மாற்றிப் பாருங்கள். பல்ஸ் தப்பாகக் காட்டுகிறதா? பாதிப் பேருக்கு வாட்ச் தொளதொளவென்று எலும்பின் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. எலும்பைத் தாண்டி ஒரு விரல் மேலே, பயிற்சியின்போது கொஞ்சம் இறுக்கமாகக் கட்டினாலே பாதி சரியாகும். பச்சை குத்திய இடத்தில் கட்டினால் எந்தப் புது மாடலும் தடுமாறும். பீட்டா பிளாக்கர் என்னும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பயிற்சியில் துடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாட்ச் போடும் ஹார்ட் ரேட் ஸோன் பொருந்தாது, அதற்காக மாடலை மாற்றிப் பயனில்லை.

எனக்கு உண்மையில் உதவுவது உங்கள் பழைய பேண்டில் சேர்ந்திருக்கும் இரண்டு வருடக் கணக்கு. ஓய்வுநேர பல்ஸ் எப்போதும் 62-ஐ ஒட்டியே இருந்தவருக்கு மூன்று வாரமாக 78 என்றால் காய்ச்சலா, ரத்தசோகையா, தைராய்டா என்று தேடுவேன். கருவியை மாற்றினால் கணக்குப் போடும் முறையும் மாறும், கோடு அந்த இடத்தில் அறுந்துவிடும். ஆழ்ந்த தூக்கம் பாதியாகிவிட்டது என்று பயந்து வந்த ஒரு பெண்ணிடம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். புது வாட்ச் கட்டிய நாளிலிருந்து. தூக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலைகளைப் பார்க்க வேண்டும்; வாட்ச் அசைவையும் பல்ஸையும் வைத்து ஊகிக்கிறது, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி.

அதனால் மாற்றுவதென்று முடிவு செய்தால் பழையதை அன்றைக்கே தூக்கிப்போடாதீர்கள். ஒரு வாரம் இரண்டையும் கட்டி, ஓய்வுநேர பல்ஸையும் தூக்க நேரத்தையும் இரண்டிலிருந்தும் எழுதிவையுங்கள். பழைய ஆப்பிலிருந்து உங்கள் பதிவுகளை இறக்கிச் சேமியுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.