கிளப்: தடியிலிருந்து கழகம் வரை

கால்பந்து ரசிகர்கள் கூடிப் பேசினால் பேச்சு இரண்டு இடங்களுக்குக் கட்டாயம் போகும். "நம்ம கிளப் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா" என்பது ஒன்று. "இப்போது இருக்கிற ஓனர் கிளப்பையே நாசமாக்கிவிட்டார்" என்பது இன்னொன்று. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் என்றால் 1968, 1999 என்று ஐரோப்பியக் கோப்பை வென்ற ஆண்டுகளை அடுக்கிவிட்டு உடனே ஓனர்களான கிளேசர் குடும்பத்துக்கு வந்துவிடுவார். இந்த இரண்டு பேச்சிலும் 'கிளப்' என்ற சொல் ஒரே பொருளில் வருவதில்லை. முதல் கிளப் ஒரு மக்கள் கூட்டம். இரண்டாவது, பங்குகளாக வாங்கி விற்கக்கூடிய ஒரு நிறுவனம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருள் தடி. ஒரு முனை பருத்த கட்டையைக் குறித்த 'க்ளுப்பா' என்ற பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. கோல்ஃப் ஆடும் கோலுக்கு இன்றும் அதே பெயர்தான். கட்டையின் ஒரு முனை திரண்டிருப்பதிலிருந்து 'திரள்வது', 'ஒன்றுசேர்வது' என்ற வினைப்பொருள் பிறந்தது என்று விளக்குவார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது 'ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் செலவைப் பகிர்வது' என்று வளர்ந்தது. அப்படிக் காசு போட்டுக் கூடியவர்களின் கூட்டமே அப்புறம் கிளப் ஆனது. ஆகவே பணம் இந்தச் சொல்லுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது எல்லோரும் போட்ட பணம்.

கால்பந்து கிளப்புகள் பிறந்ததும் இப்படித்தான். உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப்பாக ஏற்கப்பட்டிருக்கும் ஷெஃபீல்டு 1857இல் உறுப்பினர்கள் சேர்ந்து அமைத்தது. 1878இல் நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணிதான் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. 1886இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்து வாங்கி ஆர்சனலைத் தொடங்கினார்கள். சொல்லின் 17ஆம் நூற்றாண்டுப் பொருள் அங்கே அப்படியே நடந்திருக்கிறது.

பிறகு செலவு கூடியது. மைதானம் கட்டவும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டியிருந்ததால், 1880களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் கிளப்புகள் ஒவ்வொன்றாக வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனங்களாகப் பதிவு செய்துகொண்டன. பெயரில் மட்டும் 'கிளப்' தங்கிவிட்டது. ஆனாலும் அங்கே ஆட்டத்தை நிர்வகிக்கும் கால்பந்துச் சங்கம் (எஃப்ஏ) ஒரு வேலி போட்டிருந்தது. பங்குதாரர்கள் எடுக்கும் ஈவுத்தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது. 1983இல் டாட்டன்ஹாம் இந்த வேலியைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டது. கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை வைத்து, அந்த நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனது. விதி கிளப்பைக் கட்டுப்படுத்தியது, தாய் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. கூட்டம் வேறு, நிறுவனம் வேறு என்ற பிளவு அன்றைக்குக் காகிதத்திலேயே தெரிந்துவிட்டது.

2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனில் பெரும்பங்கு கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. வாங்கப்படும் பொருளே தன்னை வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிற ஏற்பாடு இது. இருபது ஆண்டுகளாக அந்த ரசிகர்களின் கோபம் ஆறாமல் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான், அது நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். 2010இல் அவர்கள் சிவப்பை விட்டுவிட்டுப் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டுகளை அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள். அவை நியூட்டன் ஹீத்தின் நிறங்கள். பழைய பெருமையைப் பேசுவதும் உரிமையாளரை எதிர்ப்பதும் அங்கே ஒரே செயலாகிவிட்டன. 'கிளப் என்றால் அந்த ரயில்வே தொழிலாளர்களிலிருந்து தொடங்கும் நாங்கள்' என்பது அந்தத் துண்டின் பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அணி' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. களத்தில் இறங்கும் பதினொருவர் அணி. அவர்கள் அடுத்த ஆண்டே வேறு இடத்துக்குப் போகலாம். 'மன்றம்' நல்ல சொல், ஆனால் அதைக் கேட்டாலே நற்பணி மன்றமும் ரசிகர் மன்றமும் நினைவுக்கு வரும். 'சங்கம்' என்று வைத்தால் கால்பந்துச் சங்கம் என்ற நிர்வாக அமைப்போடு குழம்பும். எல்லாவற்றிலும் பொருத்தமானது 'கழகம்'. இலங்கைத் தமிழர்கள் 'விளையாட்டுக் கழகம்' என்று நெடுங்காலமாக இயல்பாகச் சொல்லி வருகிறார்கள். நாம் புதிதாக உருவாக்க ஒன்றுமில்லை, எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

கழகம் என்ற சொல்லுக்கும் ஒரு நீண்ட பயணம் உண்டு. திருக்குறளில் அது சூதாடும் இடம். "பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்" என்கிறது சூது அதிகாரம். சூதாட்டக் களத்தில் காலத்தைக் கழித்தால் செல்வமும் போகும், பண்பும் போகும். கம்பராமாயணத்துக்கு வரும்போது அதே சொல் கலை பயிலும் இடமாகிவிடுகிறது: "கந்தனை அனையவர் கலைதெரி கழகம்". அந்தப் பாட்டின் முதல் அடி "பந்தினை இளையவர் பயிலிடம்" என்று தொடங்குகிறது. பந்தும் கழகமும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பின்னாளில் பல்கலைக்கழகம் வந்தது, அரசியல் கழகங்கள் வந்தன. ஒரு பொது நோக்கத்துக்காகக் கூடியவர்கள் என்ற பொருள் உறுதியாக நிலைத்தது. போக்குவரத்துக் கழகம் என்று அரசு நிறுவனத்துக்கும் இதே சொல் வழங்குவதால், நிறுவனமாகப் பதிவாகிவிட்ட கிளப்பையும் இது விலக்காது.

அடுத்து, 'ஓனர்'. இதற்கு 'உரிமையாளர்' என்று எழுதிப் பழகிவிட்டோம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் தமிழில் உடைமை என்றும் உரிமை என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கையில் வைத்திருப்பது உடைமை. கேட்டுப் பெறத் தகுந்தது உரிமை. கால்பந்து வாதங்களில் இந்த வேறுபாடு மிகவும் உதவும். பங்குகள் உடைமை. கழகத்தின் பெயரும் நிறமும் வரலாறும் யாருடைய உரிமை என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கை முழுதாகப் பார்க்க லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்திடம் போக வேண்டும். 1988 எஃப்ஏ கோப்பை இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்ற கழகம் அது. 2002இல் அதை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் உட்கார்ந்து அழவில்லை, அதே ஆண்டு ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, கீழ்நிலைப் போட்டிகளிலிருந்து ஆடி 2011இல் தொழில்முறை லீகுக்குள் வந்தார்கள். இடம் மாறிய நிறுவனம் எம்கே டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சட்டப்படி 1988 வெற்றி யாருடையது? தொடர்ச்சி எம்கே டான்ஸிடம் இருந்தது. ஆனால் 2007இல் அந்தப் பழைய பெருமைகளையெல்லாம் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதிக்கே திருப்பித் தர எம்கே டான்ஸ் ஒப்புக்கொண்டது. வீரர் ஒப்பந்தமும் லீகில் இடமும் உடைமையாக நகர்ந்தன. கோப்பை நினைவு நகர மறுத்தது. 2020இல் ஏஎஃப்சி விம்பிள்டன் பழைய ப்ளவ் லேன் தெருவிலேயே புதிய மைதானம் கட்டித் திரும்பி வந்தது.

இதே கதை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலும் நடந்தது. 2005இல் ரெட் புல் நிறுவனம் அங்கிருந்த கழகத்தை வாங்கி, ஊதா நிறத்தை எடுத்துவிட்டுத் தன் நிறங்களைப் பூசியது. ஊதாவை விட மறுத்த ரசிகர்கள் தனிக் கழகம் அமைத்தார்கள். கொல்கத்தாவில் 1889இல் தொடங்கி, 1911இல் ஐஎஃப்ஏ கேடயத்தை வென்ற மோகன் பகானின் பெயருக்கு முன்னால் 2020இல், அதனோடு இணைக்கப்பட்ட இன்னொரு கழகத்தின் பெயரான 'ஏடிகே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் ஒட்டப்பட்டன. ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள், 2023இல் அந்த ஒட்டு நீங்கியது.

ஜெர்மனியில் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கழகத்திடமே இருக்க வேண்டும் என்ற '50+1' விதி 1998இலிருந்து இருக்கிறது. லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஸ்பெயினில் ரியல் மாட்ரிட், பார்சலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசாசூனா ஆகியவை இன்றும் 'சோசியோ' எனப்படும் உறுப்பினர்களுக்குச் சொந்தம். இவற்றைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'ரியல் மாட்ரிட்டின் உரிமையாளர் புளோரன்டினோ பெரஸ்' என்று எழுதுவது பிழை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். மான்செஸ்டர் யுனைடெட்டில் 2024இல் கால்பங்குக்கும் சற்றுக் கூடுதலாக வாங்கிய ஜிம் ராட்கிளிஃபைப் 'பங்குதாரர்' என்றோ 'பகுதி உடைமையாளர்' என்றோ எழுதலாம். பேச்சில் கிளப், ஓனர் என்பவை இருந்துவிட்டுப் போகட்டும், அதில் தவறில்லை. எழுத்தில் கால்பந்துக் கழகம், கழக உறுப்பினர், உடைமையாளர் என்று பிரித்து எழுதினால், யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது வாசகருக்கு உடனே விளங்கும்.