நர்ஸ், செவிலி, தாதி, உழைச்செல்வான்

வார்டில் யாரும் 'செவிலியரே' என்று கூப்பிடுவதில்லை. 'சிஸ்டர், டிரிப்ஸ் முடியப்போகுது' என்றுதான் குரல் போகும். ஆண் என்றால் 'பிரதர்'. செவிலியர் என்பது பெயர்ப்பலகைக்கும் அரசாணைக்கும் உரிய சொல்லாகவே நின்றுவிட்டது. அதனால் இது யாரோ மேசையில் உட்கார்ந்து புதிதாகச் செய்த சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, நற்றிணை 110ஆம் பாட்டில் இந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, சிறு கோலை ஓங்கி 'உண்' என்று மிரட்டியபடி ஒரு சிறுமியின் பின்னால் ஓடுகிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் பாய்ந்துவிடுகிறாள். 'அரிநரைக் கூந்தல் செம்முது செவிலியர்' ஓட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். நரைத்த கூந்தலும் நல்ல அனுபவமும் உள்ள பெண்கள், ஆனால் ஒரு வாய் பாலை உள்ளே இறக்க முடியவில்லை. சாப்பிட மறுக்கும் நோயாளியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

அக இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் அலைபவளும் செவிலிதான். கலியாணத்துக்குப் பிறகு மகளின் புதுக் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்பவளும் அவள்தான். குறுந்தொகை 167 அதுதான்: தயிர் பிசைந்த விரல், தாளிப்புப் புகை படிந்த கண், கணவன் 'இனிது' என்று சாப்பிட்டதும் அவள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி. இன்றைய பேச்சில் இது ஹோம் விசிட். ரிப்போர்ட் நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

சரி, இதில் நோய் எங்கே வருகிறது? வரவில்லை. சங்கப் பாட்டின் செவிலி மருந்து கொடுப்பவள் அல்ல, பிள்ளை வளர்ப்பவள்.

'நர்ஸ்' கதையும் இதேதான். 'நூட்ரீரே' என்ற லத்தீன் வினைக்கு ஊட்டுதல், வளர்த்தல் என்று பொருள். நியூட்ரிஷன் என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நர்ஸ் என்றால் பிறர் குழந்தைக்குப் பாலூட்டுபவள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருள் பிறகு ஏறியது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் சொல்லும் 'தாதி'யும் சமஸ்கிருத 'தாத்ரீ'யிலிருந்து வந்தது, அவளும் பாலூட்டுபவள்தான். அங்கே தாதியர், தாதிமை என்று சொற்கள் இயல்பாகப் புழங்குகின்றன. தமிழ்நாட்டுக் காதில் மட்டும் தாதி என்றால் ராஜா கதையில் வரும் அரண்மனைப் பணிப்பெண் நினைவுக்கு வந்துவிடுகிறாள். ஆக, நர்ஸுக்குச் செவிலி என்று பெயர் வைத்தவர்கள் அந்தச் சொல்லின் பிறப்பையே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

வேலை மட்டும் சொல்லைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் நர்சிங் குறிப்பு நூலில், வேறு நல்ல சொல் இல்லாததால்தான் நர்சிங் என்று சொல்கிறேன் என்றே எழுதினார். மருந்து கொடுப்பதும் பற்றுப் போடுவதும் மட்டும் நர்சிங் ஆகிவிட்டது. நல்ல காற்று, வெளிச்சம், வெதுவெதுப்பு, சுத்தம், அமைதி, ஏற்ற உணவு இவற்றை முறையாகத் தருவதுதான் அதன் பொருளாக வேண்டும் என்பது அவர் கட்சி. நூறு வருடம் கழித்து வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர் இன்னும் ஒரு படி போனார். உலகச் செவிலியர் பேரவைக்காக எழுதி 1960இல் வெளிவந்த அவருடைய நூலின்படி, ஒருவருக்குப் பலமோ மனத்திடமோ தெளிவோ இருந்தால் தானே செய்துகொள்ளக்கூடிய காரியங்களில் அவருக்குத் துணைநிற்பதே செவிலியம். நோயாளிக்கு மட்டுமல்ல, நலமாக இருப்பவருக்கும்தான். கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாளா என்று கேட்கும் கிராம சுகாதாரச் செவிலியரை இந்த விளக்கத்துக்குள் வைத்தால் கச்சிதமாகப் பொருந்துகிறார்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கென்றே தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென் றப்பால்நாற் கூற்றே மருந்து' என்பது 950ஆம் குறள். உழை என்றால் பக்கம், உழைச்செல்வான் பக்கத்தில் இருந்து நடத்துபவர். நோயாளி, வைத்தியர், மருந்து, இவர் என நான்கும் சேர்ந்தால்தான் மருத்துவம். 'அதனைப் பிழையாமல் இயற்றுவான்' என்று பரிமேலழகர் உரை சொல்கிறது; டோஸும் நேரமும் தவறாமல் கொடுப்பவர் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலும் இதே நான்கு வருகின்றன. அங்கே இவர் 'உபஸ்தாதா', அருகில் நிற்பவர். பணிவிடை தெரிந்திருத்தல், திறமை, அன்பு, தூய்மை என நான்கு தகுதிகளையும் கேட்கிறது அது. இந்த இரண்டு சொற்களிலும் தாய்மை இல்லை, பால் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தொழிலைப் பெண்ணின் இயல்பாக்கி, சம்பளத்தையும் மரியாதையையும் குறைக்கும் பழக்கத்துக்கு இவை இடம்கொடுக்கவில்லை.

அதற்காக உழைச்செல்வானைப் பலகையில் ஏற்றச் சொல்லவில்லை; 'ன்' விகுதி வேறு அதை ஆணுக்கு மட்டும் ஆக்கிவிடுகிறது. செவிலியர் என்பதே போதும், 'அர்' விகுதி இரு பாலுக்கும் பொது. 'செவிலித்தாய்' என்று மட்டும் எழுத வேண்டாம், அது அகப்பாட்டின் பாத்திரம். நர்சிங்குக்குச் செவிலியம். நர்சிங் கேர் என்பதற்குச் 'செவிலியப் பராமரிப்பு' என்று பாடநூல் நடையில் எழுதலாம்தான், ஆனால் லிஃப்டுக்கும் கட்டடத்துக்கும்கூட நாம் பராமரிப்பு என்றுதான் சொல்கிறோம். மனிதருக்குக் 'கவனிப்பு' பொருந்தும், லஞ்சம் கொடுப்பதற்கும் 'கவனிச்சுட்டுப் போங்க' என்று சொல்லும் ஊர் என்பதை மறந்துவிட்டால்.