இணையம் இல்லாத இடத்தில் உங்கள் டேப்லெட் என்ன செய்யும்?

டேப்லெட் பழுதுபார்ப்பதும், புதிதாக வாங்கியவர்களுக்கு அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். டிசம்பர் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே நல்லா ஓடுச்சு, ஊருக்குப் போனதும் ஒண்ணுமே திறக்கல." கருவியைப் பிரித்துப் பார்த்தால் கோளாறு எதுவும் இருக்காது. சிங்கப்பூரில் வீட்டில் வைஃபை, சுரங்கத்தில் ஓடும் எம்ஆர்டியிலும் சிக்னல், கடைத்தொகுதியில் இலவச இணையம். எது கருவிக்குள் இருக்கிறது, எது வெளியிலிருந்து வருகிறது என்று கவனிக்க வேண்டிய அவசியமே நமக்கு வருவதில்லை.

வாசிக்க மட்டும்தான் என்றால் இ-ரீடர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அச்சுத்தாள் போலத் தெரியும் அதன் மின்மைத் திரை (இ-இங்க்) பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் எடுக்கும். அதனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும், வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் நம் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி (Libby) செயலியில் இரவல் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிபியில் எடுத்த நூலை அமேசானின் இ-ரீடரான கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. நூலக நூல்கள்தான் முக்கியம் என்றால் ஓவர்டிரைவ் (லிபிக்குப் பின்னால் இருக்கும் நூலகச் சேவை) வசதி உள்ள கோபோ இ-ரீடர் மாடல்களைப் பாருங்கள். இரவல் காலம் முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிப் போய்விடும். ஆகவே பயணத்துக்கு நெருக்கத்தில் எடுப்பது நல்லது.

தமிழ் வாசிக்கிறவர்கள் கடையிலேயே ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். கிண்டிலில் 2016 இறுதியிலிருந்தே தமிழ் மின்னூல்கள் விற்பனைக்கு உள்ளன, பெரிதாகக் கவலையில்லை. மற்ற கருவிகளில் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தாலோ அந்தக் கருவி வேண்டாம். பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்தான் உங்கள் வாசிப்பு என்றால் 6 அங்குலத் திரை சரிப்படாது. ஸ்கேன் பக்கத்தில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது, வரிக்கு வரி பக்கத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு 10 அங்குல டேப்லெட்தான் வசதி. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் ஒருங்குறியில் (யூனிகோட் எழுத்தாக) கிடைக்கும் நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டேப்லெட்டில் பலர் கவனிக்காதது, செயற்கைக்கோள் மூலம் இருக்கும் இடத்தைக் கண்டறியும் ஜிபிஎஸ். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் அது கிடையாது. தஞ்சாவூர் வட்டார வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தாலும், நீங்கள் எந்தச் சாலையில் நிற்கிறீர்கள் என்று அது காட்டாது. சிம் வசதி உள்ள செல்லுலார் மாடலில் ஜிபிஎஸ் உண்டு. ஆனால் இதற்காக மட்டும் கூடுதல் வெள்ளி கொடுக்காதீர்கள், கையில் இருக்கும் போனே வழி காட்டும். அந்தப் பணத்தைக் கூடுதல் சேமிப்பிடத்துக்குப் போடுங்கள், ஏனென்றால் ஐபேடில் மெமரி கார்டு போட இடமில்லை.

இறக்கி வைத்த படங்களுக்கும் கெடு உண்டு. நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். பிள்ளைகள் சாங்கியில் காத்திருக்கும்போதே பாதி பார்த்துவிட்டு, மீதியை நாலு நாள் கழித்துக் கேட்டால் திறக்காது.

அதனால் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போதே ஃப்ளைட் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, டேப்லெட்டை ஒருமுறை அணைத்துத் திறந்து, வேண்டிய ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். மீண்டும் உள்நுழையச் சொல்லும் செயலிகள் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் சார்ஜ். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர்பேங்கைக் கொண்டு எதையும் சார்ஜ் செய்யக்கூடாது. பவர்பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பவும் கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். டேப்லெட்டை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றி எடுத்துப் போங்கள்.