பழைய ஸ்பீக்கருக்குப் புது கிராஸ்ஓவர் போர்டா? கழற்றும் முன் அளந்துவிடுங்கள்

போன மாதம் ஒருவர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளைக் காரிலிருந்து இறக்கினார். எழுபதுகளில் செய்த இங்கிலாந்துப் பெட்டிகள், 8 ஓம், ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர். அவருடைய அப்பா ஆசையாக வாங்கியவை. "இடது பக்கம் மட்டும் கீச்சுனு கத்துது சார். ரெண்டும் ஒரே மாடல்தான்" என்றார்.

திறந்து பார்த்தேன். வலது பெட்டியில் பழுப்பேறிய பேக்கலைட் போர்டு அப்படியே இருந்தது. இடது பெட்டியில் பளபளவென்று ஒரு ரெடிமேட் போர்டு. வேறொரு கடையில் மாற்றியிருக்கிறார்கள். பழைய போர்டு எங்கே என்று கேட்டேன். "தூக்கிப் போட்டுட்டாங்க போல சார்."

இந்தத் தொழிலில் எனக்கு வயிற்றெரிச்சல் தரும் பதில் இதுதான். மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன்.

கிராஸ்ஓவர் என்றால் கனத்த ஒலியை வூஃபருக்கும் மெல்லிய ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிப்பதோடு அதன் வேலை முடிந்தது என்று நினைக்கும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்கும் ரெடிமேட் போர்டில் "3 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம்" என்று அச்சடித்திருக்கும். அந்தக் கணக்கு, எதிரே 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருப்பதாக வைத்துப் போட்டது. நிஜ வூஃபர் அப்படி இருக்காது. அதிர்வெண் ஏற ஏற, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால், அதாவது மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் குணத்தால், அதன் ஓம் அளவும் ஏறும். ட்வீட்டருக்கோ அதன் இயல்பு அதிர்வெண்ணில் ஓம் அளவு ஒரு மேடாக எழும்பும். அன்றைக்கு வடிவமைத்தவர் அந்த வூஃபரை, அந்த ட்வீட்டரை, அந்தப் பெட்டிக்குள் வைத்து அளந்துதான் ஒவ்வொரு மதிப்பையும் முடிவு செய்தார்.

நல்லவேளை, வலது பெட்டியின் போர்டு தப்பித்திருந்தது. அதில் ட்வீட்டர் பாதையில் 2.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. ரெடிமேட் போர்டில் அது இல்லை. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 2.2 ஓம் இருந்தால் ஒலி சுமார் 2 டெசிபல் குறையும். அந்த 2 டெசிபல்தான் அவர் சொன்ன கீச்சு. இன்னொன்றும் இருந்தது. பழைய போர்டில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. பாதைக்கு ஒரு காயில் (கம்பிச்சுருள்), ஒரு கண்டென்சர் என்று வரும் இந்த வகை இரண்டாம் படிநிலை கிராஸ்ஓவரில் அது சகஜம். பிரியும் அதிர்வெண்ணில் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கூடவேண்டும் என்பதற்காகச் செய்தது. முந்தைய கடைக்காரர் அதைத் தப்பு என்று நினைத்து "சரி" செய்துவிட்டார்.

ஆக, புது போர்டு போடுவதில் முதல் வேலை பழையதைப் படிப்பது. அதற்கு நான் வைத்திருக்கும் முறை இது. முதலில் போர்டின் இரண்டு பக்கமும் போட்டோ. ஈயப்பற்று இருக்கும் பக்கத்தைப் பார்த்து வரையும்போது இடம் வலம் மாறிவிடும், ஆரம்பத்தில் நானே ஒரு முழு போர்டைக் கண்ணாடி பிம்பமாகச் செய்து குப்பையில் போட்டிருக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காலைக் கழற்றி, காயில், கண்டென்சர், ரெசிஸ்டர் மூன்றையும் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் அளக்கிறேன். போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்துக் காயிலும் சேர்ந்து பொய் சொல்லும்.

இனி கண்டென்சர் விஷயம். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் பிளஸ், மைனஸ் பேதமில்லாத நான்-போலார் எலக்ட்ரோலைட்டிக் வகை இருக்கும். உள்ளே ரசாயனத் திரவம் இருப்பதால் ஐம்பது வருடத்தில் கெட்டு, மதிப்பு மாறிவிடும். வலது பெட்டியின் ட்வீட்டர் கண்டென்சரில் எழுதியிருந்தது 6 மைக்ரோஃபாரட். மீட்டரில் 7.3 காட்டியது. 10 கிலோஹெர்ட்ஸில் அளந்தபோது உள் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் வந்தது. காயில்கள் இப்படிக் கெடுவதில்லை, அது வெறும் செம்புக் கம்பி. கம்பி அறுந்திருந்தால் ஒழிய அவற்றைத் தூக்கிப்போடாதீர்கள்.

இங்கே இணையத்தில் எல்லோரும் சொல்வது: எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக் படலம்) கண்டென்சர் போடு, ஒலி திறந்துகொள்ளும். திறந்துகொள்ளும்தான். ஏன் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பாலிப்ரொப்பிலீனின் உள் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த ஒரு ஓம் காணாமல் போனதும் ட்வீட்டர் சுமார் 0.8 டெசிபல் சத்தமாகிவிடும். காதுக்கு அது "தெளிவு" என்று தோன்றும், இரண்டு மணி நேரம் கேட்டால் தலைவலி. புதிதாக இருந்தபோது பழைய கண்டென்சரில் அரை ஓம் இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, பாலிப்ரொப்பிலீன் போடும்போது கூடவே 0.47 ஓம் ரெசிஸ்டரும் சேர்ப்பது என் வழக்கம். வூஃபர் பக்கத்தில் 50, 150 மைக்ரோஃபாரட் என்று பெரிதாக வரும் இடங்களில் புது எலக்ட்ரோலைட்டிக்கே போதும். அங்கே பாலிப்ரொப்பிலீன் போட்டால் பெட்டிக்குள் வைக்க இடமும் இருக்காது, பர்ஸும் தாங்காது.

6 மைக்ரோஃபாரட் இப்போது எளிதில் கிடைக்காது. அதனால் என் போர்டில் ஒரே கண்டென்சருக்கு மூன்று இடங்களைப் பக்கவாட்டில் விட்டுவைக்கிறேன். 4.7, 1.0, 0.33 மூன்றையும் சேர்த்தால் 6.03. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மூன்று அளவில் துளைகளும் போடுவேன். இன்று கிடைக்கும் கண்டென்சரின் கால் இடைவெளியில் நாளைக்குக் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்.

போர்டு வரைய கீகேட் மென்பொருளே போதும், இலவசம். செம்புப் பாதை எவ்வளவு அகலம் வேண்டும் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். வழக்கமான 35 மைக்ரான் செம்பில் 2 மில்லிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளப் பாதைக்கு 25 மில்லிஓம்தான் வரும். பக்கத்தில் இருக்கும் காயிலே 400 மில்லிஓம் வைத்திருக்கிறது. அகலமாகப் போடுங்கள், நல்லதுதான், ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அதுவல்ல.

கவலைப்பட வேண்டியது காயில்களை எப்படி வைக்கிறோம் என்பதில். இரண்டு காயிலைப் பக்கம் பக்கமாக ஒரே திசையில் படுக்க வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். வூஃபருக்குப் போகும் ஒலி திருட்டுத்தனமாக ட்வீட்டருக்குள் நுழையும். ஒன்றைப் படுக்கவைத்தால் அடுத்ததை நிற்கவைக்க வேண்டும், மூன்றாவதை வேறு திசையில் திருப்ப வேண்டும், முடிந்தவரை தள்ளியும் வைக்க வேண்டும். நடுவில் இரும்பு போல்ட் போட்டு இறுக்கவே கூடாது. ஒருமுறை நடுவில் இரும்பு இல்லாத 0.50 மில்லிஹென்றி ஏர்கோர் காயிலை இரும்பு போல்டால் இறுக்கிவிட்டு மீட்டரை வைத்தேன், 0.56 காட்டியது. பித்தளை போல்ட் அல்லது நைலான் டை போதும்.

பெட்டி உள்ளே அதிரும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய கண்டென்சரை வெறும் காலில் நிற்கவைத்தால் ஒரு வருடத்தில் கால் முறியும். அடியில் சிலிக்கான் பசை வைக்க வேண்டும். ஆனால் வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். சிமெண்ட் ரெசிஸ்டரை போர்டிலிருந்து அரை சென்டிமீட்டர் தூக்கிவையுங்கள், சூட்டில் போர்டு கருகாது.

ஆர்டர் கொடுக்கும் முன் வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, பாகங்களை மேலே வைத்துப் பார்த்துவிடுங்கள். திருகுத் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பெட்டியில் புதுத் துளை போட வேண்டி வரும். ஐம்பது வயதுப் பெட்டியில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே சூத்திரம் இல்லை என்பதற்கு பி.பி.சி.யின் எல்.எஸ். 3/5ஏ நல்ல உதாரணம். வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடிக்குள் வைத்துக் கேட்பதற்காக பி.பி.சி.யின் பொறியாளர்கள் வடிவமைத்த சின்னப் பெட்டி. 30 சென்டிமீட்டர் உயரம், உள்ளே சுமார் 5 லிட்டர். கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். அதன் எஃப்.எல். 6/23 கிராஸ்ஓவரில் பல டேப் உள்ள, அதாவது சுருளின் வெவ்வேறு இடங்களிலிருந்து முனைகள் எடுத்த, ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்; எந்த முனையில் இணைக்கிறோமோ அதற்கேற்ப ட்வீட்டரின் சத்தம் மாறும். ஒவ்வொரு ட்வீட்டரும் கொஞ்சம் கூடக் குறையச் சத்தம் தரும் என்பதால், பெட்டிக்குப் பெட்டி எந்த டேப் என்று தொழிற்சாலையிலேயே பார்த்து இணைத்தார்கள். அதைப் பார்க்காமல் ஒரே மாதிரி இரண்டு போர்டு செய்து போட்டால் ஜோடி பிரிந்துவிடும். பழைய 15 ஓம் பெட்டி வேறு, எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த 11 ஓம் பெட்டி வேறு, கிராஸ்ஓவரும் வேறு. ஒன்றின் போர்டு மற்றதற்கு ஆகாது. 5 லிட்டர் பெட்டிக்குள் கோலி சோடா பாட்டில் அளவுக்குப் பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர்களை அடுக்கினால் பெட்டியின் கொள்ளளவே குறையும், அதையும் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஏ.ஆர்.-3ஏ ஸ்பீக்கர் வேறு கதை. அதில் மிட் (நடு ஒலிக்கான ஸ்பீக்கர்), ட்வீட்டர் இரண்டுக்கும் பின்னால் ஒலியளவுக் குமிழ் உண்டு. உள்ளே துரு பிடித்து ட்வீட்டர் ஊமையாகிவிடும். ட்வீட்டர் எரிந்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டியவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். முதலில் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புது போர்டைச் சோதிக்கிறேன் என்று ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துச் சத்தத்தை ஏற்றாதீர்கள். ட்வீட்டர் இல்லாத நிலையில் கண்டென்சரும் காயிலும் நேராகத் தொடர்ந்து நின்று, 6 மைக்ரோஃபாரட், 0.4 மில்லிஹென்றி என்றால் சுமார் 3,250 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும். ட்வீட்டர் எரிந்துபோன பெட்டியை அப்படியே ஓட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. ஆம்ப்ளிஃபயர் போனால் செலவு இரட்டிப்பு.

அந்த ஜோடிக்கு இரண்டு புது போர்டு செய்தேன். வலதின் கண்டென்சரும் கெட்டிருந்ததால் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. மைக் வைத்து அளந்ததில் 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு பெட்டிக்கும் இடையே அரை டெசிபலுக்குள்தான் வித்தியாசம். பழைய போர்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அளந்த மதிப்புகள் எழுதிய தாளையும் உள்ளே வைத்து அவர் கையில் கொடுத்தேன். "இது எதுக்கு சார் இனிமே?" என்றார். அப்பாவின் ரசீது இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். அதோடு சேர்த்து வையுங்கள் என்றேன்.