பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரையும் நாலு நாள் பயணமும்

மாநாடு வெள்ளிக்கிழமை முடிகிறது. சனி, ஞாயிறு சும்மாதான். ஒருவருடைய டிக்கெட்டை அலுவலகம் போட்டுவிட்டது. இன்னொன்றை மட்டும் கைக்காசில் போட்டால் கணவனும் மனைவியும் இரண்டு நாள் எங்காவது போய்விட்டு வரலாம். நல்ல யோசனை. வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கு இப்படிக் கிடைப்பதுதான் விடுமுறை என்று ஆகிவிட்டது, அதைக் கெடுக்க நான் வரவில்லை.

என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் நடக்கும் ஒரு காரியத்தின் மேல்தான். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது காலண்டரைப் பார்த்து, "ஐயோ, சரியா அப்பத்தானே வரும்" என்று தலையில் கைவைத்து, மருந்துக்கடைக்குப் போய், தோழி சொன்ன மாத்திரையை வாங்கி, தோழி சொன்ன கணக்கில் விழுங்கிவிட்டு விமானம் ஏறுவது. மகளிர் மருத்துவராக என்னிடம் இந்த மாத்திரையைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. சாப்பிட்டுவிட்டு, ஏதாவது ஆன பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

அண்மையில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பதுகளில் இருப்பவர். மாநாட்டில் கட்டுரை வாசிக்க வேண்டியவர் அவர்தான். கணவர் கூடப் போனவர். அந்தப் பெண் என்னிடம் வந்தது கால் வலிக்காக அல்ல. ஊர் திரும்பி மாத்திரையை நிறுத்தியதும் ரத்தப்போக்கு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறது என்று வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து பரிசோதனைக் கட்டிலுக்கு நடக்கும்போது இடது காலை லேசாகச் சாய்த்து வைத்தார்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர், ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நின்னதுல நரம்பு இழுத்துக்கிச்சு. இவர்தான் தினமும் எண்ணெய் போட்டு நீவி விடறார்."

டேப் எடுத்து அளந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டாகத் துருத்தும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்போம். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இவருக்கு இடது கால் 4 செ.மீ. பெருத்திருந்தது, தொட்டால் சூடு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். "ரெண்டு நாளா ஆமாம், டயர்டுனு நெனச்சேன்" என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று மாத்திரையைப் பற்றி நேராகவே கேட்டபோது வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "அது பீரியட்ஸ் தள்ளிப்போடறதுதானே டாக்டர், அதெல்லாம் மருந்துல சேருமா?"

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடை வரைக்கும் ரத்தக்கட்டி. சி.டி. எடுத்ததில் நுரையீரலுக்கும் சில துணுக்குகள் போயிருந்தன. பிழைத்துக்கொண்டார். ஆனால் சிகிச்சை அவ்வளவு சுலபமாக இல்லை. கட்டிக்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அது மாதவிடாய் ரத்தப்போக்கை இன்னும் கூட்டும். அதிகப் போக்கை நிறுத்த நாங்கள் வழக்கமாகத் தரும் ட்ரானெக்ஸாமிக் அமிலத்தை ரத்தக்கட்டி இருப்பவருக்குத் தரவும் கூடாது. என்னிடம் வராமல் அந்த மாத்திரையையும் கடையிலேயே கேட்டு வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இந்த மாத்திரையைப் பற்றிப் பெண்களுக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயம் நிறைய இருக்கிறது, எல்லாம் தப்பான இடத்தில். "வர வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமில்லை. படிக்காதவர், முனைவர் பட்டம் வாங்கியவர் என்ற பேதமே இல்லை. ஒரு தடவை நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். மாதவிடாயில் வருவது கெட்ட ரத்தம் இல்லை. உடம்பின் அழுக்கை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, கர்ப்பப்பைக்கு அந்த வேலை கிடையாது. கர்ப்பப்பையின் உள்சுவரில் ஒவ்வொரு மாதமும் ஒரு திசுப்படலம் வளர்கிறது. அதைத் தாங்கிப் பிடித்திருப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது இறங்கினால் படலம் உதிர்கிறது, கூடவே கொஞ்சம் ரத்தம் வருகிறது. அந்த நாட்கள் முழுவதும் சேர்த்துப் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி.தான். மாத்திரையில் இருப்பது புரொஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் மருந்து. அதைச் சாப்பிடும் வரை படலம் உதிராது. உதிராததால் ரத்தமும் வராது. வெளியே வர முடியாமல் உள்ளே எதுவும் சேர்ந்து கிடக்கவில்லை. அந்த ரத்தம் இன்னும் உங்கள் ரத்தக்குழாயில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பைக்குள் தங்கிக் கட்டியாகாது, புளிக்காது, தலைக்கு ஏறாது. ஒரு தடவை தள்ளிப்போட்டதால் குழந்தை பிறக்காமல் போகாது. மாமியார், அத்தை, பக்கத்து வீடு யார் சொன்னாலும் சரி, இதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இதற்குப் பயப்படுகிறவர்கள்தான் எட்டு மணி நேரம் ஜன்னலோர இருக்கையில் அசையாமல் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

பெரும்பாலும் தரப்படுவது நோரெதிஸ்டிரோன். 5 மி.கி. மாத்திரை, நாளைக்கு மூன்று, மாதவிடாய் எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ரத்தம் உறைவதைக் கூட்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இதில் கிடையாது, அதனால் ரத்தக்கட்டிக் கவலை இல்லை என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஆனால் இந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே எத்தினைல் ஈஸ்ட்ராடயோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளைக்கு 10 முதல் 20 மி.கி. சாப்பிட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டதற்குச் சமம் என்பது கணக்கு. ஆக, கருத்தடை மாத்திரை யாருக்கு ஆகாது என்கிறோமோ அவர்களுக்கு இதுவும் யோசித்துத் தர வேண்டியதுதான். அதைவிடச் சின்ன அளவில் வரும் நோரெதிஸ்டிரோன் கருத்தடை மாத்திரைக்கு இந்தக் கதை பொருந்தாது. பெயர் ஒன்றுதானே என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பயணத்தின் பங்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கைப்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலும் இதே கணக்குதான். ஆரோக்கியமாக இருப்பவருக்கு அப்படி இரட்டிப்பான பிறகும் ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான். எனவே டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். ஆனால் மாநாட்டோடு சேர்த்த சுற்றுலாவை ஒரு பயணமாக எண்ணாதீர்கள். போகும்போது விமானம், பிறகு இரண்டு நாள் அரங்கத்தில் நாற்காலி, அப்புறம் "பக்கத்துலதான், அஞ்சு மணி நேரம்" என்று காரில் மலைக்கோ கடலுக்கோ, மறுபடி கார், மறுபடி விமானம். ஒரு வாரத்துக்குள் இத்தனை தடவை மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. "ஊர் சுத்திட்டு வந்தோம் டாக்டர்" என்பார்கள். சுற்றியது கார்.

அப்படியானால் தள்ளிப்போடவே கூடாதா? தாராளமாகப் போடலாம். மேடையில் பேசும் நாளில் வயிற்றுவலியோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தம்பதியாக இரண்டு நாள் நிம்மதியாக இருக்க ஆசைப்படுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்டுவிட்டுப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. தேதி தெரிந்ததுமே, முடிந்தால் ஒரு மாதம் முன்னாலேயே வாருங்கள். மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கவும் கட்டுரை அனுப்பவும் எத்தனையோ மாதம் முன்பே கெடு வைத்து ஓடுகிறீர்கள், எனக்கு மட்டும் கிளம்புகிற அன்று காலையில் போன்.

வந்தால் நான் கேட்கப்போவது இவைதான். உங்களுக்கோ, அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருக்கிறதா? புகை பிடிப்பீர்களா? (கேட்டால் முறைக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்.) ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரியுமா? அண்மையில் அறுவை சிகிச்சை, பிரசவம்? உடல் பருமன் எவ்வளவு? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் வேறு வழி பார்ப்போம். ஈஸ்ட்ரோஜனாக மாறாத வேறு மருந்து சிலருக்குச் சரிவரும், சிலருக்கு மாத்திரையே வேண்டாம், மாதவிடாய்க் கப் போதும் என்று சொல்வேன். ஏற்கெனவே தினசரி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு மாத்திரை தேவையே இல்லை. பெரும்பாலானவற்றில் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கினாலே போதும். இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, தம்பதிகள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது. தள்ளிப்போடுவதற்காகச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் கருத்தடை ஆகாது. "மாத்திரைதான் சாப்பிடறோமே" என்று கவனமில்லாமல் இருந்துவிட்டு, நிறுத்தியும் வரவில்லையே என்று வருகிறார்கள். பரிசோதித்தால் இரண்டு கோடு. குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களுக்குச் சந்தோஷம்தான். வேண்டாம் என்றால் ஆணுறையைப் பெட்டியில் எடுத்து வையுங்கள், அதை மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டும் என்று கணவர் காத்திருக்க வேண்டாம். நிறுத்தி ஒரு வாரமாகியும் வரவில்லையென்றால் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பயணத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள்; ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பக்கத்து இரண்டு பேரையும் எழுப்பக் கூச்சப்பட்டே எழுந்திருக்க மாட்டார். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். முடியாதபோது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் சதை இறுகித் தளர்வதுதான் ரத்தத்தை மேலே தள்ளும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு அடித்துப் போட்டாற்போல் தூங்காதீர்கள். மதுவும் அதே வேலையைத்தான் செய்யும். தண்ணீர் குடியுங்கள், பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தவிர்க்காதீர்கள், போவதும் நடைதான். மாநாட்டில் இடைவேளை விட்டால் நாற்காலியிலேயே போனைத் திறக்காமல் வெளியே போய்விட்டு வாருங்கள். ஆபத்து கூடுதலாக இருப்பவர்களுக்கு முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை எழுதித் தருவோம். அளவெடுத்து வாங்க வேண்டும், இறுக்கமான எந்தக் காலுறையும் அதற்கு ஈடாகாது. ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறுவது இன்னொரு வழக்கம். பயணத்தில் வரும் ரத்தக்கட்டியைத் தடுக்க ஆஸ்பிரினை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வயிற்றுப்புண்தான் மிச்சமாகும்.

கடைசியாகக் கணவர்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பயணம் போய் வந்த மனைவிக்கு ஒரு கால் மட்டும் வலிக்கிறது, வீங்குகிறது, சூடாக இருக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்பாகத்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் உள்ளே கட்டி இருந்தால் நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஓட்டல் மசாஜும் வேண்டாம். நடந்து களைத்த கால் என்றால் பெரும்பாலும் இரண்டும்தான் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். ஒற்றைக் கால் வீக்கத்தை அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் என் கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திரும்பி வந்து சில வாரங்கள் கழித்தும் இது வரலாம். "அது போன மாசம் போன ட்ரிப்பு" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அங்கே முதலில் பார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் உங்களை அறியாதவராக இருப்பார். எத்தனை மணி நேரப் பயணம், என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரை அட்டை காலியானாலும் தூக்கிப் போடாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள், பெயரை நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.