கால் விழித்த பின்னும் தூங்கும் சிறுநீர்ப்பை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர் மாலையில் கால்விரல்களை ஆட்டிக் காட்டுவார். வீட்டாருக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்பது அந்நேரம் யார் நினைவிலும் இருக்காது. அவருக்கே தெரியாது. அடிவயிறு மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருக்கும்.

60 கிலோ எடையுள்ளவரின் சிறுநீரகங்கள் மணிக்குச் சுமார் 60 மி.லி. நீரைச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. டிரிப்ஸ் ஏறினால் இன்னும் கூடும். பையில் 150, 200 மி.லி. சேரும்போது லேசாக உணர்வு வரும். 400ஐ நெருங்கினால் அடக்குவது கடினம். பை விரிகிறது என்ற செய்தி முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியில் உள்ள திரிக நரம்புகள் வழியாக மூளைக்குப் போகும். மூளை அனுமதித்தால், பைச்சுவரின் தசை சுருங்கும்; அதே கணத்தில் வாயைப் பிடித்திருக்கும் வளையத் தசை தளரும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் நீர் இறங்கும்.

மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலும் முதுகில்தான் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் கலக்கும் அந்த மருந்து கால் நரம்புகளோடு திரிக நரம்புகளையும் அடக்கிவிடும். மரப்பு மேலிருந்து கீழாகத்தான் விலகும். காலை அசைக்கும் நரம்புகள் பெரும்பாலும் மேலே இருப்பதால் முதலில் விழிக்கின்றன; சிறுநீர்ப்பையின் நரம்புகள் அடியில் இருப்பதால் கடைசியில். புபிவகெயின் மருந்தென்றால் இதற்கு 7, 8 மணி நேரம்கூட ஆகலாம். வலி குறைய அதோடு மார்ஃபின் சேர்த்திருந்தால் பைத்தசை ஒரு நாள் வரை சோர்ந்திருக்கும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்கெனவே நலிந்த நரம்புகள், சிலவகைச் சளி மாத்திரைகள் என்று தடைகள் மேலும் சேரும்.

காத்திருந்தால் தானே வந்துவிடாதா என்றால், அங்கேதான் ஆபத்து. 600 மி.லி.க்கு மேல் பல மணி நேரம் விரிந்து கிடந்த தசை, மரப்பு தெளிந்த பிறகும் சுருங்கத் திணறும். பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகும். சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். இன்னொன்றும் ஏமாற்றும்: சொட்டுச் சொட்டாகப் போவதைப் பார்த்து ‘யூரின் வந்துவிட்டது’ என்று நர்ஸிடம் சொல்லிவிடுவோம். அது நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். அடிவயிற்றில் வைத்துப் பார்க்கும் சிறு ஸ்கேன் கருவி உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

நீர் கட்டிக்கொண்டால், சிறுநீர்ப்பைக்குள் விட்டு நீரை வடிக்கும் கதீட்டர் குழாய்தான் வழி. இன்று நாம் காணும் வடிவத்தை 1930களில் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி. குழாயின் நுனியையொட்டி ஒரு சிறு பலூன். உள்ளே போனதும் 10 மி.லி. அளவு நீரை ஏற்றினால் அது உப்பி, குழாய் நழுவாமல் நிற்கும். எடுக்கும்போது அந்த நீரை உறிஞ்சிவிட்டால் போதும்.

ஆனால் குழாய் உள்ளே இருக்கும்வரை அதன் சுவரையே ஏணியாக்கிப் பாக்டீரியா ஏறும். கூடும் ஒவ்வொரு நாளுக்கும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் ஒட்டினால் பெருந்துயரம்: உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே எளிதில் எட்டாது. மூட்டையே கழற்றி மாற்ற நேரலாம். அது அரிதுதான், ஆனாலும் எல்லோருக்கும் குழாய் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் பழைய வழக்கம் இன்று தேவையில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். பலருக்குக் குழாயே வேண்டாம். ஸ்கேனில் அளவு மீறினால் மெல்லிய குழாயால் ஒருமுறை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். உள்ளே வைத்தே ஆகவேண்டுமென்றால் மறுநாள் காலையே எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அதுவரை குழாயிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொடவேண்டாம்; வாக்கர் பிடித்து நடக்கும்போதும் மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள்.

குழாயை எடுத்த பிறகு படுத்தபடியே முயல்வதைவிட, துணைக்கு ஒருவரோடு எழுந்து, ஆண்கள் நின்றும் பெண்கள் உயரமான கமோடில் உட்கார்ந்தும் முயன்றால் எளிதாக வரும். வார்டு நர்ஸ்கள் அப்போது பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்படி கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போவார்கள்.